தூக்கணாங்குருவியின் அஸ்திவாரம்

ஒரு காட்டில் நாணல் அத்தனையையும் அரசு வேலி போட்டு வளைத்து, வீடில்லாதவர்களுக்கு மானியமாகக் கொடுத்துவந்தது. மாசாணம் என்ற தூக்கணாங்குருவிக்கு முதல் தவணை நாணல் வந்தது. கிணற்றின் மேல் சாய்ந்த ஈச்ச மரத்தின் ஓலை நுனியில் பாதிக் கூடு தொங்கியது. இரண்டாம் தவணை வரவில்லை.

"கூரைப் படம் இருக்கு. அஸ்திவாரப் படம் எங்கய்யா?" என்றார் மானிய அதிகாரி உடும்பு.

"சார், எங்க வீடு மேலேயிருந்து கீழே வரும். அஸ்திவாரமே கிடையாது."

"அப்போ கொடுத்த நாணலையும் திருப்பிக் கொடு."

மாசாணத்தின் மனைவி வடிவுக்கு முட்டையிடும் நாள் நெருங்கிவிட்டது. தூறலும் தொடங்கிவிட்டது. சிங்கத்தின் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் அங்கே மான் போட்ட வழக்குக்கு, இப்போது அதன் பேத்தி வாய்தாவுக்கு அலைகிறாள்.

"சமரச மையம் இருக்கே" என்றார்கள் அக்கம்பக்கத்தார்.

அங்கே தேவாங்கு இருந்தது. பெரிய, ஈரக் கண்கள். அதிகாரியை ஒரு கிளையிலும் மாசாணத்தை மறு கிளையிலும் உட்கார்த்திவிட்டு, நடுவில் மெல்ல மெல்லப் போய்வந்தது.

"அவர் தரையில கட்டச் சொல்றார். நீ நுனியிலதான் தொங்குவேங்கிற. யாரும் தோற்க வேண்டாம் தம்பி. நீ பாதி இறங்கு. அவர் எட்டிப் பார்க்கிற உயரம் போதும். அஸ்திவாரத்தை அவர் விட்டுக்கொடுப்பார்."

அத்தனை பரிவாக மாசாணத்திடம் யாரும் பேசியதில்லை. கையெழுத்துப் போட்டான்.

"அவர் எட்டுற உயரமா?" என்றாள் வடிவு. "உடும்பு என்ன சாப்பிடும்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். அதுக்கும் தகராறுக்கும் சம்பந்தமில்லைன்னுட்டாங்க."

"நல்லா கேட்டீங்க போங்க."

நாணல் மறுநாளே வந்தது. தாழ்ந்த புதரில் கூடு முடிந்தது. வடிவு மூன்று முட்டை இட்டாள். ஒரு மத்தியானம் இருவரும் இரை தேடப் போயிருந்தபோது, அதிகாரி நேரில் ஆய்வுக்கு வந்துபோனார். ஆய்வறிக்கை கூட்டிலேயே செருகியிருந்தது: 'வீடு தரமானது. உள்ளே எவரும் இல்லை.'

மாசாணம் சமரச மையத்துக்குப் பறந்தான். தேவாங்கின் கண்களில் நீர் நிறைந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்குப்பா. ஆனா ஒப்பந்தத்துல முட்டையைப் பத்தி ஒரு வரியும் இல்லையே. வந்ததுதான் வந்தே, 'முழுத் திருப்தி'ன்னு இங்கே ஒரு கையெழுத்துப் போட்டுடு."

வெளியே மழை வலுத்திருந்தது. கூடு மட்டும் ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

நீதி: எதிராளிக்காகப் பாதி தூரம் இறங்கி வாருங்கள், மீதி தூரத்தை அவரே ஏறி வந்துவிடுவார்.