வீடு வாங்காமல் இருக்கப் பதினேழு கேள்விகள்

ஆயுசுக்கும் சொந்த வீடு வாங்குவதில்லை என்று நான் ஒரு தீர்மானம் போட்டிருந்தேன். காரணம் கொள்கை இல்லை, குழாய். வாடகை வீட்டில் குழாய் ஒழுகினால் மாடியிலிருக்கும் வீட்டுக்காரருக்குக் குரல் கொடுத்துவிட்டு நான் பேப்பர் படிக்கலாம். சொந்த வீட்டில் ஒழுகினால் நான்தான் வீட்டுக்காரர். அதுவும் தவிர, அறம், பொருள், இன்பம் முடிந்த பிறகுதான் வீடு என்று பெரியவர்கள் வரிசை வைத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதே இன்னும் கைக்கு வரவில்லை.

என் மனைவி பல் டாக்டரிடம் உதவியாளர். பகலெல்லாம் வாயைத் திறந்தும் பேச முடியாதவர்களோடு இருந்துவிட்டு, சாயங்காலம் வாயை மூடத் தெரியாத என்னிடம் வருகிறவள். பதினாலு வருஷம் பொறுத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்.

"ஏங்க, நாம வீடு பார்க்கலாம்."

வேண்டாம் என்று சொல்லிப் பழக்கம் இல்லாததால், "பார்க்கலாமே" என்றேன். பார்ப்பது வேறு, வாங்குவது வேறு.

வீடு வாங்குகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளையெல்லாம் அன்றைக்கே ஒரு தாளில் எழுதினேன். பத்திரம் யார் பேரில்? தண்ணீர் எப்போது வரும்? மழைக்கு ஒழுகுமா? பக்கத்து வீட்டுக்காரர் எப்படி? ஏன் விற்கிறீர்கள்? மொத்தம் பதினேழு. மற்றவர்கள் வாங்குவதற்காகக் கேட்பார்கள். நான் வாங்காமல் தப்பிப்பதற்காகக் கேட்டேன்.

திட்டம் பிரமாதமாக வேலை செய்தது. முதல் வீட்டுக்காரர் ஒன்பதாவது கேள்விக்குப் பதிலைத் தேடி உள்ளே போனவர்தான், திரும்பவே இல்லை. இரண்டாவது வீட்டு அம்மா, "வீடு வாங்க வந்தீங்களா, கேஸ் விசாரிக்க வந்தீங்களா?" என்றாள். மூன்றாவது வீட்டில், "வில்லங்கம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி திரும்பாமலே சொன்னாள்.

"வீட்டுல இருக்கான்னு தெரியல. கூட ஒண்ணு வந்திருக்கு."

ஐந்து வீட்டை இப்படிக் கழித்துக்கட்டினேன். தரகர் என்னைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தார்.

ஆறாவது வீடு ஓய்வுபெற்ற ஒரு பஸ் டிரைவருடையது. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு. மாடிப்படி திரும்புகிற இடத்தில், ஏறுகிறவரும் இறங்குகிறவரும் முட்டிக்கொள்ளாமல் இருக்க, பஸ்ஸுக்கு வெளியே மாட்டுகிற கண்ணாடி ஒன்றைச் சுவரில் பொருத்தியிருந்தார். டிரைவரின் மனைவி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்குவது அதில் தெரிந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு அந்தக் கண்ணாடி பிடித்துப் போயிற்று. இருந்தாலும் தாளை எடுத்தேன்.

"மழைக்கு ஒழுகுமா?"

"ஒழுகாது தம்பி. ஆனா பின்னாடி ரூம்ல ஒரு மூலையில ஈரம் பூக்கும். பெயின்ட் அடிச்சா தெரியாது. அடிக்கல."

"ஏன்?"

"வாங்கறவங்களுக்குத் தெரியணும் இல்ல."

"தண்ணி?"

"காலைல வரும். மாடிக்கு மோட்டார் போடணும். கொஞ்சம் கத்தும்."

"பக்கத்து வீட்டுக்காரர்?"

"பாடுவார். நல்லா பாட மாட்டார்."

"ஏன் விக்கறீங்க?"

"இவளால படி ஏற முடியல. பொண்ணு வீடு கீழ்த்தளம். அங்கயே போயிடலாம்னு."

பதினேழும் தீர்ந்துவிட்டது. மனிதர் ஒன்றுக்காவது முகம் சுளித்திருந்தால் தேவலை. இந்த வீட்டை வாங்கிவிடுவோமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தில் தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டேன்.

"இவ்வளவு குறையோட இதை யாருங்க வாங்குவா?"

டிரைவர் மாடிப்படிப் பக்கம் திரும்பினார். கண்ணாடியைப் பார்த்தேன். அந்த அம்மா பாதிப் படியில் நின்றுவிட்டிருந்தாள். பிறகு திரும்பி, மறுபடி மேலே ஏற ஆரம்பித்தாள். ஏறி முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நான் தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் என் மனைவி எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். பஸ் வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அவங்க முட்டி வலியோட நம்மளப் பார்க்கத்தான் இறங்கி வந்தாங்க."

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. யார் எங்கே படி ஏறினாலும் அந்த அம்மாவின் முதுகுதான் தெரிந்தது. பத்து நாள் மென்று விழுங்கிவிட்டு, பதினோராம் நாள் கேட்டேன்.

"அந்த டிரைவர் வீட்டையே வாங்கிடலாமா?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "மறுநாளே அவர் அட்வான்ஸ் வாங்கிட்டாருங்க."

நல்ல மனுஷர்கள், நல்ல வீடு. இரண்டையும் என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன்.

"சரி. இனிமே நீ எந்த வீட்டைச் சொல்றியோ அதுதான்" என்றேன்.

"கேள்வி கேக்க மாட்டீங்களே?"

"ஒண்ணு கூட."

"குழாய் ஒழுகினா?"

குழாய் விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. "நானே பார்த்துக்கறேன்" என்றேன்.

அடுத்த மாதம் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சொன்னபடி ஒன்றும் கேட்காமல் போனேன். அங்கே பெஞ்சில், கையில் ஒரு பையோடு பஸ் டிரைவர் உட்கார்ந்திருந்தார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அம்மா எங்கே? அவங்ககிட்டயும் சொல்லணும்."

"அவ பொண்ணு வீட்டுக்குப் போய் ஒரு வாரமாச்சு தம்பி. நான் எதையும் மனசுல வெச்சுக்க மாட்டேன். அவளுக்குத்தான் இன்னும் ஆறல. போற அன்னைக்கும் அந்த ஈரம் பூத்த மூலையைத் துணி வெச்சுத் துடைச்சுக்கிட்டே இருந்தா. நீங்க சொன்னதைச் சொல்றேன்."

காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் மனைவியிடம் கேட்டேன். வாக்குக் கொடுத்ததை மறந்துதான் கேட்டேன்.

"அட்வான்ஸ் கொடுத்தது நீதான்னு ஏன் என்கிட்ட சொல்லல? நான் எத்தனை நாள் தவிச்சேன்."

அவள் பத்திரத்தைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"யார் கொடுத்தாங்கன்னு நீங்க கேக்கவே இல்லையே."