குச்சி அண்ணனின் ஒரு விரல் பெட்ரோல்

குச்சி விட்டுப் பார்க்காமல் எதையும் நம்பாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் குச்சி அண்ணன்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் நான் விமானம் ஓட்டப் படித்த பள்ளியில் பெட்ரோல் ஊற்றுவது அவர் வேலை. இருந்தது இரண்டு பேர் உட்காரும் ஒரே விமானம். அதில் பெட்ரோல் காட்டும் முள் நல்ல நாளிலேயே உண்மை பேசாது. அதனால் பறக்கும் முன் டேங்க் மூடியைத் திறந்து, கோடு கிழித்த மரக்குச்சியை விட்டு எடுப்போம். ஈரம் எந்தக் கோடுவரை ஏறியிருக்கிறதோ அத்தனை லிட்டர். அந்தக் குச்சியும் அண்ணனுடையது. கோடும் அவர் கிழித்ததுதான்.

பழக்கம் விமானத்தோடு நிற்கவில்லை. மெஸ்ஸில் சாம்பார் அண்டாவுக்குள் கரண்டிக் காம்பை விட்டு, "ஒம்போது பேருக்குத்தான் வரும், பத்தாவது ஆளு மோரு ஊத்திக்க" என்பார். சரியாக ஒன்பதாவது ஆளோடு சாம்பார் தீரும். பள்ளித் தலைவரின் பைக்கில் குச்சி விட்டு, "சார், நீங்க சின்னசேலம் தாண்ட மாட்டீங்க" என்றார். சார் சிரித்துக்கொண்டே போனார். சின்னசேலத்தில் இருந்து தள்ளிக்கொண்டே வந்தார். வரும்போது சிரிக்கவில்லை.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"முன்ன வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டிக்கினு இருந்தேம்மா. ஒரு கல்யாண பார்ட்டிய ஏத்திக்கினு போறேன், பாதி மலையில டீசல் காலி. மொத்த ஜனமும் எறங்கித் தள்ளுது. முகூர்த்தம் போச்சு."

"மாப்பிள்ளை சும்மாவா விட்டாரு?"

"மாப்ளயே நான்தாம்மா."

எனக்கும் அவருக்கும் ஒத்துவராது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். உதவித்தொகையில் படித்தவள், கணக்கில் நூற்றுக்கு நூறு. எங்கள் பரம்பரையில் யாரும் கணக்கைத் தப்பாகப் போட்டதில்லை. போட்டதே நான் ஒருத்திதான்.

தனியாக நெடுந்தூரம் பறக்கும் நாள் வந்தது. அது முடிந்தால்தான் லைசென்ஸ் தேர்வு. பல ஊர்களைச் சுற்றி, கடைசியில் கல்வராயன் மலை ஏறி, வெள்ளிமலை வழியாகத் திரும்ப இரண்டரை மணி நேரம்; அவசரத்துக்குக் கையிருப்பு அரை மணி. ஆக, மூன்று மணிக்கு உண்டான பெட்ரோல் போதும் என்றேன்.

"இன்னொரு பத்து லிட்டர் ஊத்திக்கினு போயேம்மா. தனியாத்தான போற, எடை தாங்கும்."

"கணக்கு போட்டாச்சு அண்ணா."

"உன் கணக்கு மேகத்துக்குத் தெரியுமா?"

"ஊத்துங்க."

ஊற்றினார். குச்சியை எடுத்துக் காட்டினார். ஈரம் நான் சொன்ன கோட்டில் நின்றது.

வெள்ளிமலை மேல் எனக்காகவே ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. சுற்றிப் போனேன், கூடவே வந்தது. வழி தவறி அலைந்து, சின்னசேலம் தண்டவாளத்தைக் கண்டுபிடித்துத் திரும்பினால் எதிர்காற்று. கடிகாரத்தில் மூன்று மணி நேரம் முடிந்தது. முள் படுத்தேவிட்டது. கீழே எங்கே பார்த்தாலும் ஆள் உயரக் கரும்பு. அறுப்பு முடிந்த நெல்வயல் ஒன்று கிடைத்தால் போதும், இறங்கிவிடலாம் என்று தேடினேன். இன்ஜின் மட்டும் எதுவுமே தெரியாத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றேகால் மணி நேரத்தில் எங்கள் ஓடுதளத்திலேயே இறங்கினேன்.

இன்ஜினை நிறுத்தியதும் நானே குச்சியை வாங்கி விட்டுப் பார்த்தேன். முதல் கோட்டைக்கூட ஈரம் தொடவில்லை. காலி என்று அர்த்தம். டேங்கைக் கேனில் வடித்தேன். ஆறு லிட்டர் வந்தது.

"அண்ணா, உங்க குச்சி பொய் சொல்லுது."

"பொய் இன்னா பொய். கம்மியா சொல்லுது. அதுக்குப் பேரு அடக்கம்."

ஒவ்வொரு கோட்டையும் ஒரு விரல் மேலே தள்ளிக் கிழித்திருக்கிறார். இத்தனை காலமும் நாங்கள் எல்லோரும் அரை மணி பெட்ரோலைத் தெரியாமலே சுமந்திருக்கிறோம். இரண்டு பேர் ஏறினால் விமானம் சினை எருமை மாதிரி மேலே போகிறதே என்று மெக்கானிக் மூன்று முறை இன்ஜினைப் பிரித்துப் பார்த்தது இதனால்தான்.

"ரெண்டு பேரு போறப்ப இந்த எடையில ஒருநாள் மரத்துல முட்டிடும் அண்ணா."

அவர் முகம் சுருங்கிப்போனது. "அது தோணலம்மா. காலியாயிடக் கூடாதுன்னுதான் நெனச்சேன். சாருக்குத் தெரிஞ்சா இன்னிக்கே வூட்டுக்கு அனுப்பிடுவாரு."

"முதல்ல இத ஒடைங்க."

முழங்காலில் வைத்து ஒடித்தார். லிட்டர் லிட்டராக ஊற்றி அளந்து புதுக் குச்சியில் நானே கோடு கிழித்தேன். அதற்குள் தலைவர் கூப்பிட்டுவிட்டார்.

"மூணு மணிக்குத்தான் பெட்ரோல்னு எழுதியிருக்க. மூணேகால் மணி பறந்திருக்க. மிச்சம் வேற இருக்கு. எப்படி?"

ஜன்னலுக்கு வெளியே அண்ணன் ஒரு கேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது.

"ஊத்தினத தப்பா எழுதிட்டேன் சார். கணக்கு என் தப்பு."

"நீயா?"

"நான்தான் சார்."

என் பறப்புத் தாளில் 'கணக்குப் பிழை' என்று சிவப்பு மையில் எழுதினார். அன்றைய பறப்பு செல்லாது என்றார். தேர்வு தள்ளிப்போனது. மறுபடி பறக்கும்போது, அண்ணன் வாய் திறப்பதற்கு முன்பே பத்து லிட்டர் ஜாஸ்தியாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. அண்ணனும் அந்த வேலையை விட்டு, சொந்த ஜீப் வாங்கி மலைக்கே போய்விட்டார். அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். நான் கணக்கில் தப்புச் செய்தேன் என்று சொல்லும் ஒரே தாள் இன்னமும் அந்தப் பள்ளி அலமாரியில் இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி நான் கேட்கப்போவதில்லை.