பித்தப்பைக் கல் குறித்து ஒரு திருத்தம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆவல் உண்மை. முதல் சொல்லில்தான் ஒரு திருத்தம் இருக்கிறது.

எனக்குப் பித்தப்பையில் கல் எதுவும் இல்லை, இருந்ததும் இல்லை. போன மாதம் நான் செய்துகொண்டது எடை குறைக்கும் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடுவார்கள். ஆறு வருடத்துக்கு முன் நீ இதையே செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, உடம்புக்காக வெட்கப்படுவது அடிமைத்தனம் என்று ஆதாரங்களோடு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தவள் நான். அதே வாயால் எப்படிச் சொல்வது? கல் என்றேன்.

நூறு பேரில் ஒருவர் இருவருக்கு அந்தப் பின் அடித்த இடம் கசியலாம் என்றார் டாக்டர். புள்ளியியல் நடத்துகிறவள் என்ற தெம்பில் தலையாட்டினேன். ஐந்தாம் நாள் நானே அந்த ஒருவர். காய்ச்சல், மறுபடி ஆபரேஷன், விலாவில் ஒரு குழாய், மூன்று வாரம் வாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இவர் பைப் கம்பெனியில் தரம் பார்க்கிறவர் அல்லவா, டாக்டரிடம், "எங்க கம்பெனில கசிஞ்சா பைப்பையே ஒதுக்கிடுவோம் சார்" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. கல்லுக்கு இத்தனை நாளா என்று நீ கேட்டாய். பெரிய கல் என்றேன். அப்படியானால் படம் அனுப்பு என்றாய். இவர் பூந்தொட்டியில் ஒன்றைப் பொறுக்கிக் கழுவி, பக்கத்தில் ஸ்கேலும் வைத்துப் படமெடுத்து அனுப்பினார். "பாவம்டி, இவ்வளவு பெரிசா" என்று நீ போனில் தழுதழுத்தபோது எனக்குத் தையல் போட்ட இடமெல்லாம் இழுத்தது.

இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் அட்டவணை தொங்குகிறது. கால் மணிக்கு ஒருமுறை இரண்டு ஸ்பூன் சூப். ஒவ்வொன்றுக்கும் இவர் கையெழுத்து. நேற்றுப் பாதி முட்டை உள்ளே தங்கியது. பச்சை மையில் 'தேறியது' என்று எழுதியிருக்கிறார். ஆகவே நீ லீவு போட்டுவிட்டு ஓடி வர வேண்டாம், நான் சமாளித்துக்கொள்வேன். கோபித்துக்கொண்டு பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. கசிவைக்கூடத் தாங்கிவிட்டேன், அதைத் தாங்க மாட்டேன்.

அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு.

இரைப்பை கால் பங்கும் பாசம் முழுப் பங்குமாக,
உன் தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் இவர் வாங்கிப் படித்தார். இதெல்லாம் உனக்கு ஐந்தாம் நாளே தெரியுமாம். என்னை மறுபடி உள்ளே கொண்டுபோனதும் உனக்குப் போன் செய்து அழுதாராம். "அவளா சொல்ற வரைக்கும் கல்லாவே இருக்கட்டும். நான் படம் கேக்கறேன், எதையாவது எடுத்து அனுப்புங்க. நான் நம்பிட்டேன்னு அவ நம்பணும்" என்றாயாம். எனவே இந்தக் கடிதத்துக்கு அவசியமே இல்லை, கிழித்துவிடு. வர வேண்டாம் என்று எழுதிய வரியை முதலில் கிழி.