பேன்ட்டுக்கு வந்த போன்

ஊரைச் சிரிக்க வைக்கிறவன் தான் மட்டும் சிரிக்கக் கூடாது என்று ஆகிவிட்டால், அவன் முகம் சீக்கிரமே செத்தவன் முகம் மாதிரி ஆகிவிடும். என் முகம் ஆனது. கண்ணாடியில் பார்த்து நானே ஒரு தரம் பின்வாங்கியிருக்கிறேன்.

வேலூரில் புராஸ்டேட் ஆபரேஷன் முடிந்து கிளம்பும்போது டாக்டர், "கொஞ்ச நாளைக்குச் சொட்டும், பயப்படாதீங்க" என்றார். டாக்டர்களின் 'கொஞ்ச நாள்' எவ்வளவு என்று நாம் கேட்பதில்லை. தும்மினால் சொட்டியது. இருமினால் சொட்டியது. சிரித்தால், சொட்டு என்ற சொல் போதாது.

ஆம்பூர் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில், உலர்த்தும் கொட்டகைக்கு நான் சூப்பர்வைசர். அங்கே எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்தவன் நான்தான். மேனேஜர் 'உம்மணாமூஞ்சி'. தோலில் ஓட்டை பார்க்கும் மெர்சி அக்கா 'ஸ்கேன் மெஷின்'. பாய்லர் பார்க்கும் என் தோஸ்த் பஷீர் 'குக்கர்' (பேச ஆரம்பித்தால் விசில் நிற்காது). இப்படிப்பட்டவன் நனைந்த பேன்ட்டோடு மாட்டினால் என்ன பெயர் வைப்பார்கள்? நினைத்தாலே சொட்டியது.

அதனால் ஒளித்தேன். வீட்டில், சொட்டு தாங்க உள்ளே வைக்கும் பேட் பாக்கெட்டை பீரோ மேல், கிறிஸ்துமஸ் ஸ்டாருக்குப் பின்னால் வைத்தேன். என் மனைவி ஸ்டெல்லாவுக்குக்கூடத் தெரியாது. முதல் அமானுஷ்யம் அங்கேதான் தொடங்கியது. எவ்வளவு எடுத்தாலும் பாக்கெட் தீரவில்லை. நேற்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது என்று சத்தியம் செய்வேன். இன்று கை விட்டால் கொத்தாக வருகிறது. (ஆண்டவர் அற்புதம் செய்வார் என்று எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் இதற்கெல்லாமா?)

வேலை இடத்தில் வாடையை மறைக்க மல்லிகை அத்தர் தெளித்துக்கொண்டேன். (தோல் நாற்றத்தில் யானை செத்துக் கிடந்தாலும் தெரியாது என்பது பயந்தவன் புத்திக்கு எட்டவில்லை.) யார் கண்ணிலும் படாமல், சத்தமில்லாமல் நடந்தேன். விளைவு: தொங்கும் தோல்களுக்கு நடுவே, ஆளே இல்லாத இடத்தில் மல்லிகை வாசனை. தரையில், எங்கிருந்தோ வந்து பாதியில் முடிந்துபோகும் ஈரச் சொட்டுகள்.

"சார், உள்ள இன்னாவோ கீது சார்," என்றார்கள் பெண்கள்.

சும்மா இருந்திருக்கலாம். "சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்," என்றேன். "தோல் ஊறப்போடற பழைய சுண்ணாம்புக் குழி, மூடிப்போட்டாங்களே, அதுல முன்ன ஒருத்தன் விழுந்துட்டான். ஈரம் காய வைக்க இங்க வர்றான்."

சிரிக்க முடியாத முகம் அன்று நன்றாக உதவியது. அதன்பிறகு சாப்பாட்டு வேளையில் கொட்டகைக்குள் ஒருத்தரும் வரவில்லை. குழிக்காரன் புண்ணியத்தில், பேன்ட் அலச எனக்கென்று ஒரு தனி இடம்.

அப்புறம் அந்த மழை நாள். பேட் வைக்க மறந்து வந்திருந்தேன். சாப்பாட்டுக்கு முன் பஷீர் ஒரு ஜோக் சொன்னான். நல்ல ஜோக். அதுதான் கஷ்டம். கொட்டகைக்கு ஓடினேன்.

கரண்ட் இல்லை. பகலிலேயே இருட்டு. பேன்ட்டின் முன்பக்கத்தை அலசி, தலைக்கு மேல் நின்றிருந்த சங்கிலியில் கிளிப் போட்டு மாட்டினேன். சாயம் ஏற்றிய ஈரத் தோல்களை வரிசையாகத் தொங்கவிட்டு, கொட்டகையைச் சுற்றிவரச் செய்யும் சங்கிலி அது. ஒரு எருமைத்தோலை இடுப்பில் சுற்றிக்கொண்டு காத்திருந்தேன்.

காற்றே இல்லை. ஆனால் தோல்கள் அசைந்தன.

முதலில் ஒன்று. பிறகு எல்லாமே. தலையும் காலும் இல்லாத உடம்புகள் மாதிரி மெதுவாக, என்னை நோக்கி. ஒரு ஈரத்தோல் என் முகத்தைத் தடவிக்கொண்டு போனது, ஆள் யாரென்று தொட்டுப் பார்க்கும் கை போல. எங்கோ சொட்... சொட்... குழிக்காரன் கதையைக் கட்டிவிட்டதே நான்தான். அந்தக் குழியில் யாருமே விழுந்ததில்லை. 'அப்போ இது யாரு?' என்றது முதுகுத்தண்டு. சத்தம் நெருங்கியது. என் காலடியிலேயே கேட்டது. குனிந்து பார்த்தேன்.

நான்தான்.

அப்போதுதான் உறைத்தது: கரண்ட் வந்து சங்கிலி ஓடுகிறது. அண்ணாந்து பார்த்தேன். பேன்ட்டைக் காணோம்.

மறுமுனையில் அலறல். தோல்களின் இடுக்கு வழியே எட்டிப் பார்த்தேன். வேலைக்குத் திரும்பிய மொத்த ஷிப்ட்டும் சுவரோடு ஒட்டி நிற்க, இடுப்புக்கு மேல் ஆள் இல்லாத என் பேன்ட், மல்லிகை மணக்க, தண்ணீர் சொட்ட, காற்றில் நடந்து வந்துகொண்டிருந்தது. யாரோ சுவிட்சை அணைத்தார்கள்.

"குழிக்காரன் பேன்ட்டு! கொளுத்துங்க அத!" என்று கத்தினார் உம்மணாமூஞ்சி மேனேஜர்.

 எரியட்டும். பெயர் தப்பினால் போதும்.

பேன்ட்டின் பின்பாக்கெட்டில் போன் அடித்தது.

 அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் பஷீர் இரண்டு விரலால் அதை உருவி, காதில் வைக்கப் பயந்து ஸ்பீக்கரில் போட்டான்.

"இன்னாங்க," என்றது ஸ்டெல்லாவின் குரல், தகரக் கூரையெல்லாம் எதிரொலித்து. "பேட் வெக்காமலே போய்ட்டீங்களே! புதுசா ஒரு கட்டு ஸ்டாருக்குப் பின்னால வெச்சேனே, பாக்கலையா? நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னுதான் இத்தினி நாளும் வாய மூடிக்கினு இருந்தேன். நனைஞ்சா நனைஞ்சுட்டு போகுது, பஷீர் பாய்கிட்ட சொல்லிட்டு ஊட்டுக்கு வந்துடுங்க. கேக்குதா?"

பாக்கெட் தீராத அற்புதத்தின் ரகசியம் அதுதான்.

"கேக்குது ஸ்டெல்லா," என்றேன். தோல்களை விலக்கிக்கொண்டு, எருமைத்தோலும் வெறுங்காலுமாக நான் வெளியே வந்ததற்கு, பேன்ட்டுக்குப் போட்டதைவிடப் பெரிய அலறல் போட்டார்கள்.

 எனக்குப் பெயர் விழப்போகும் நேரம் வந்தது. பஷீர் என்னை மேலும் கீழும் பார்த்தான். போனை நீட்டினான்.

"இந்தா, குழிக்காரா. ஊட்ல பேசு."

முதலில் சிரித்தது நான்தான். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக, எதையும் இறுக்கிப் பிடிக்காமல். எருமைத்தோல் எவ்வளவு தண்ணீர் தாங்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பெயர் ஒட்டிக்கொண்டது. வீட்டில் நான் விழுந்து விழுந்து சிரித்தால் ஸ்டெல்லா, "பேன்ட்டுக்குப் போன் வந்துருக்குது, போய் எடுங்க" என்கிறாள். மாதனூர் போகும் கம்பெனி பஸ், பாதி வழியில் கக்கூஸ் இருக்கும் ஒரு பெட்ரோல் பங்க்கில் இப்போது நிற்கிறது. "குழிக்காரர் எறங்கலாம்!" என்று கத்துவது பஷீரின் வேலை. முதல் நாள் நான் மட்டும் இறங்கினேன். மறுநாள் பின்னாலேயே மெர்சி அக்காவும் வந்தார். "கடைக்குட்டி பொறந்ததுல இருந்து எனக்கும் இதே பேஜாருதாம்பா. இத்தினி வருஷமா பஸ்ல மூச்சப் புடிச்சிக்கினு உக்காந்து வர்றேன்." இப்போது பாதி பஸ் இறங்குகிறது.

போன வாரம், கத்தி முடித்த கையோடு பஷீரும் இறங்கினான்.

"சும்மா, காத்து வாங்கத்தான்," என்றான்.

கக்கூஸ் வரிசையில் நான் நகர்ந்து இடம் விட்டேன்.