கியர் ஆயிலுக்கு நிறம் பொருத்திய படலம்

வாழ்க ஊசிமுனைக் கண்ணர்! வாழ்க கத்தரிக்கோல் கரத்தர்! முப்பத்தொரு வகைச் சிவப்பையும் மங்கலொளியில் நின்றே பிரித்தறிந்தவரும், நூல் ஓர் இழை நிறம் பிசகினாலும் தைத்த சட்டையைத் தாமே பிரித்துப் போட்டவரும், எனக்கு இருபத்தொன்பது ஆண்டுகள் கணவராயிருந்தவருமான தையற்கடை வேந்தர், வெப்பமென்னும் அரக்கனோடு மலைச்சாலையில் பொருத கதை இது.

மலையுச்சி ஊரில் எங்கள் மகள் மறுநாள் காலை தன் தையற்கடையைத் திறக்கவிருந்தாள். அவளுக்கான தையல் இயந்திரத்தை ஏற்றிச் செல்லவேண்டிய தேரோ, பதினெட்டு அகவை கண்ட ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. கியர்பெட்டி கருகினால் அதற்கு மறுபிறவி இல்லை. மகளிடம் போய்வர எங்களுக்கு வேறு வாகனமும் இல்லை. ஆகவே அதற்குப் புது ஆயில் ஊட்டத் திருவுளம் கொண்டார் வேந்தர்.

வண்டியின் கையேட்டை அவர் தொட்டாரில்லை. வண்டி வாங்கிய நாளில் வெள்ளைத் துணித்துண்டில் ஒற்றி வைத்திருந்த ஆயில் சொட்டை ஏந்திக் கடைபுகுந்து, நூற்கண்டு பொருத்துவதுபோல் டப்பா டப்பாவாகத் திறக்கச் செய்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, "இதே சிவப்பு!" என்று முழங்கினார்.

"ஐயா, சிவப்பெல்லாம் ஒண்ணு இல்ல. டப்பா பின்னாடி நம்பரைப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

"சிவப்பைப் பத்தி எனக்கே சொல்றீங்களா?"

துணி வெளுக்கும் என்று ஊருக்கெல்லாம் எச்சரித்தவர், அந்தச் சொட்டும் வெளுத்திருக்கும் என்பதை மறந்தார்.

அந்த ஆயிலைக் குடித்து மூன்று மலைவளைவுகளைத் தேர் மிதித்தேறியது. நான்காம் வளைவில், எஞ்சின் நூறு களிறுகளாய்ப் பிளிற, சக்கரங்களோ வழி கேட்டு வந்த விருந்தாளிபோல் தயங்க, துணிமேல் மறந்துவிட்ட இஸ்திரிப்பெட்டியின் வாடை பொங்கி எழுந்தது. பின்னிருக்கையில் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்தபடி நான் மூக்கைப் பொத்தினேன். முன்னிருக்கையில் இருந்த என் தம்பி மெல்லத் திரும்பினான்.

"அத்தான், கருகுறது பருத்தியா, பாலியஸ்டரா?"

"வாயை மூடு, மாப்ளே."

அடுத்த வளைவில் ஒரு கொட்டகை; அதில் ஒரு மெக்கானிக். அவர் முன்மூடியைத் தூக்கிக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். வண்டி எங்கள் கடைவாசலில் நின்ற நாளெல்லாம் பறந்து வந்த பஞ்சும் நூற்பிசிறும் அங்கே மெத்தையாய்ப் படிந்திருந்தன.

"அண்ணே, இது ரேடியேட்டரா, தலகாணியா? கியர் ஆயில் சூடு இது வழியாத்தான் வெளிய போகணும். நீங்க போர்வை போத்தி விட்டிருக்கீங்க. ஆயிலும் வேற நம்பர்."

கையேட்டை நாடினார் நாடறிந்த நாயகர். பஞ்சு ஊதி எடுக்கப்பட்டது. கருத்த ஆயில் வடிந்தது. கையேட்டில் கண்ட எண்ணுக்குரிய ஆயில் நிரம்பியது. எச்சம் நீங்க மறுபடி வடிந்து, மறுபடி நிரம்பியது. அது வேறொரு சிவப்பு. வேந்தரின் முகம் அதைவிடச் சிவந்திருந்தது. பிறகு ஏசியை அணைத்து, தாழ்ந்த கியரில், மூன்று இடங்களில் நிறுத்தி மூச்சுவாங்கவிட்டு, அந்தி சாயுமுன் மலையை வென்றார்.

காலையில் கடை திறந்ததும், "முதல் தையல் நீங்க போடுங்கப்பா" என்றாள் மகள். பட்டுத்துணி எடுத்துவைத்துக் காத்திருந்தாள். வீராதிவீரரோ விறுவிறுவென்று வண்டிக்குப் போய், ஓட்டுநர் இருக்கையின் தலைச்சாய்வு உறையைக் கழற்றி வந்து, இயந்திரத்தில் இட்டு, உலகோர் காணச் சிவப்பு நூலால், அட்சரம் பிசகாமல், அந்த ஆயில் எண்ணைத் தைத்து முடித்து, "இனி எவரும் நிறத்தை நம்பி ஏமாறவேண்டாம்!" என்று பிரகடனம் செய்தார்.

போன வாரம், அவர் இல்லாமல் முதல்முறையாக, அந்த உறையைக் கழற்றிக் கொண்டுபோய்க் கடையில் காட்டி ஆயில் வாங்கினேன்.