பழைய பந்துக்கு ஒரு வாரிசு

கடைக்குப் போய்ப் புதிய பொருள் வாங்குகிறவர்கள் உலகத்தில் உண்டு. கடைக்குப் போய்ப் பழைய பொருளையே மறுபடி வாங்கிவர நினைக்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டாம் வகையாருக்கு ‘அதேமாதிரியார்’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஓசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே செருப்புக் கடையில், பையிலிருந்து வார் அறுந்த செருப்பை எடுத்து மேஜைமேல் வைத்து, “இதே மாதிரி இருக்குதுங்களா?” என்று கேட்பவர். கடைக்காரர் முப்பது ஜோடியைக் கொட்டிக் கவிழ்த்தாலும் ஒவ்வொன்றையும் முகர்ந்து, வளைத்து, காதருகே கொண்டுபோய்த் தட்டி, கடைசியில் உதட்டைப் பிதுக்கி, “நல்லாத்தான் இருக்குது. ஆனா அது மாதிரி இல்ல” என்று எழுந்து போகிறவர். செருப்புக்குக் குரல் உண்டா? அவருடைய பழைய செருப்புக்கு இருந்தது.

இந்த இனத்தின் சிகரம் எங்கள் குருமூர்த்தி. சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். சாம்பிளுக்கும் செய்த பொருளுக்கும் மயிரிழை வித்தியாசம் இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டி ரிஜெக்ட் செய்வது அவர் தொழில். வீட்டில் இட்லிக்கும் ஒட்டியிருப்பார். மனைவி சுகுணாவின் கையில் கரண்டி இருந்ததால் ஒட்டவில்லை.

ஒருமுறை கம்பெனியில் எல்லோரையும் பெங்களூருக்குக் கூட்டிப்போய் ஒரு மாலில் பௌலிங் ஆடவிட்டார்கள். மூன்று விரலை ஓட்டையில் விட்டுப் பந்தை உருட்ட, கோடியில் நிற்கும் ‘பின்’ என்கிற பத்துக் கட்டைகள் விழவேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. குருமூர்த்திக்கு அன்றே பித்து. யாரோ கழித்துப்போட்ட ஒரு நீலப் பந்தைச் சொந்தமாக வாங்கிவிட்டார். ஆயுதபூஜைக்கு மெஷின்களோடு அதற்கும் சந்தனம், குங்குமம், பொரி. ஒருநாள் அது ஸ்கூட்டரிலிருந்து நழுவிச் சானமாவுக் காட்டுப் பக்கம் உருண்டபோது, ரோட்டைக் கடக்க வந்த யானைக் கூட்டமே நின்று வழிவிட்டது. நம்பாதவர்கள் யானைகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

பந்துக்கு ஒரே ஒரு குறை. கட்டைவிரல் ஓட்டை தேய்ந்து அகலமாகிவிட்டதால் கையைவிட்டுக் கோணலாகக் கிளம்பும், இடப்பக்கமாகவே போகும். எப்படி உருட்டினாலும் வலது மூலையில் இரண்டு பின்கள் அசையாமல் நிற்கும். கேண்டீனில் அவற்றுக்கு மாமன், மச்சான் என்று பெயரே வைத்திருந்தார்கள்.

அந்த மாமன் மச்சானால்தான் கம்பெனிகளுக்கு நடுவில் நடக்கும் போட்டியில் கோப்பை வருஷாவருஷம் பக்கத்துக் கம்பெனிக்கே போனது. போனால் போகட்டும் என்று விடமுடியுமா? அந்த டீமின் கேப்டன் பாஸ்கரன், சுகுணாவின் தங்கை வீட்டுக்காரர். காதுகுத்து, கிரகப்பிரவேசம் எங்கே போனாலும், “சகலை, எங்க கம்பெனி ரிசப்ஷன்ல கோப்பை வைக்க இடமே பத்தல. உங்க ரிசப்ஷன்தான் காலியாமே?” என்பார். தங்கைக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சுகுணா அன்று பந்தியில் பாயசம் தொடமாட்டாள்.

ஆகவே, இந்த வருஷம் ஃபைனலுக்கு முந்தின வாரம் நீலப் பந்து விரிசல் விட்டபோது குருமூர்த்தி ஒருவர்தான் துக்கம் காத்தார். அவர் டீமைச் சேர்ந்த பெருமாளும் பிரவீனாவும் கேண்டீனில் கேசரி வாங்கித் தின்றார்கள். சுகுணா கோட்டை மாரியம்மனுக்கு விளக்குப் போட்டாள்.

“ஏங்க, இனி புதுசு ஒண்ணு வாங்கித்தானே ஆகணும்?” என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

“வாங்கணும். ஆனா இதே மாதிரி இருக்கணும்.”

குருமூர்த்தியும் டீமும் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூர் போய்க் கடை கடையாக ஏறினார்கள். ஒன்று வழவழப்பு அதிகம். இன்னொன்றின் நீலம் வேறு நீலம். மற்றொன்று ‘தூக்கினா மனசுல ஒட்டல.’ கடைசிக் கடைக்காரர் பொறுமைசாலி. விரல் அளவெடுத்து ஓட்டை போட்டு, கடையை ஒட்டிய ஆடுகளத்தில் உருட்டிப் பார்க்கச் சொன்னார். குருமூர்த்தி உருட்டினார். பத்துப் பின்களும் படபடவென்று விழுந்தன. மாமன் மச்சான் உட்பட.

“சூப்பர் சார்! சென்னாகிதே!” என்று கடைக்காரர் கன்னடத்தில் கைதட்டினார்.

குருமூர்த்தியின் முகம் கோணியது. “எங்கியோ தப்பு இருக்குது. பழசு இப்படி விழாது.”

“விழாம நிக்கறதுதானுங்க தப்பு!” என்று பெருமாள் கத்தினார்.

“பெருமாளு, சாம்பிள்னா சாம்பிள்தான்.”

பந்தை வாங்கினார். வாங்கி நேரே எங்கே போனார்? சிப்காட்டில் சமியுல்லாவின் லேத் பட்டறைக்கு. பழைய பந்தைத் துணியில் பொதிந்து எடுத்துவந்து, வெர்னியர் அளவுகோலால் அங்குலம் அங்குலமாக அளந்து, டிராயிங் போட்டுக் கொடுத்தார்: கட்டைவிரல் ஓட்டை இவ்வளவு தேயவேண்டும், இந்த இடத்தில் சொட்டை, இங்கே யானை ரோட்டுக் கீறல்.

சமியுல்லா டிராயிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அண்ணா, தேஞ்சதைப் புதுசாக்கித் தரச் சொல்லி வருவாங்க. புதுசைத் தேய்க்கச் சொல்லி நீங்கதான் மொத ஆளு.”

“டிராயிங்ல இருக்கறதைப் பண்ணுப்பா.”

பண்ணிவிட்டார். சிப்காட்டில் டிராயிங் கைக்கு வந்தபின் யார் கேள்வி கேட்கிறார்கள்?

ஃபைனல். இரண்டு கம்பெனிக் குடும்பங்களும் வேன்களில் வந்து இறங்கியிருந்தன. பிரவீனா பறந்து பறந்து உருட்டியதில் ஸ்கோர் எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டது. கடைசிப் பந்து குருமூர்த்தியுடையது. பத்தும் விழுந்தால் கோப்பை. ஒன்று நின்றாலும் போச்சு. சுகுணா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பாஸ்கரன் கோப்பைமேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

உருட்டினார். பந்து அழகாகக் கிளம்பி, நடுவழியில் எதையோ ஞாபகப்படுத்திக்கொண்டதுபோல் இடப்பக்கம் ஒதுங்கி, தடதடவென்று மோதியது. எட்டு விழுந்தன. வலது மூலையில் மாமனும் மச்சானும், கல்யாண வீட்டில் வரவேற்க நிற்பவர்கள்போல, ஜம்மென்று நின்றார்கள்.

உடனே ஒரு கூச்சல். பாஸ்கரன் கூச்சலாக்கும் என்று எல்லோரும் திரும்பினால், குருமூர்த்தி குதித்துக்கொண்டிருக்கிறார்.

“பாத்தீங்களா! அதே ரெண்டு! பெருமாளு, அப்படியே பழைய பந்துடா! இன்ஸ்பெக்ஷன் பாஸ்!”

அந்தப் பக்கம் பாஸ்கரன் கோப்பையைத் தூக்கினார். இந்தப் பக்கம் குருமூர்த்தி பந்தைத் தூக்கினார். யார் முகத்தில் பிரகாசம் அதிகம் என்று கேட்டால், கோப்பைக்காரர் முகத்தில் இல்லை.

சுகுணா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “வேன்ல அந்தப் பந்து பக்கத்துலயே உக்காந்துக்குங்க. நான் தங்கச்சி வேன்ல வர்றேன்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் மூக்குக்கண்ணாடிக் கடைப் பெண் அருமையான ஃபிரேம் ஒன்றை நீட்டி, உங்களுக்கு எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தபிறகும், ஒரு பக்கம் நூல் சுற்றிய பழைய கண்ணாடியை மேஜைமேல் வைத்துத் தொண்டையைக் கனைத்தீர்களே, போன மாதம்? என்ன கேட்டீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நூல் சுற்றிய கண்ணாடியை மாட்டிக்கொண்டுதானே இதைப் படிக்கிறீர்கள்.