இராசதுரையின் இடுப்புக்கு ஒரு அனுமதித் துண்டு

வாவிக்கு மேற்கால, படுவான்கரைக்கு ஊசி கொண்டு போறதெண்டாலும் அரசாங்கக் கந்தோரில அனுமதித் துண்டு எடுக்கவேணுமெண்ட சண்டைக் காலத்தில, கொக்கட்டிச்சோலை இராசதுரை தன்ட வயித்தைக் குறைக்கிறதெண்டு தீர்மானிச்சான்.

வயிறு அவன்ட குற்றமில்ல. நிவாரண மாவில மூண்டு நேரமும் ரொட்டி திண்டா ஆருக்கும் ஊதும். அந்த நேரம் பாத்து, டிராக்டர் பெட்டரியில ஓடுற ரீவியில ஒரு வெள்ளைக்காரன் இடுப்பில பெல்ட்டொண்டைக் கட்டினான். பெல்ட் நடுங்கிச்சு, வயிறு காணாமப் போச்சு. நம்மட பக்கத்தில ஆக்கள்தான் காணாமப் போறவங்க. வயிறும் போகுமெண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சிது.

"இப்பொழுதே அழையுங்கள்!" எண்டு ஒருத்தி கத்தினாள். இராசதுரை டவுனுக்குப் போய் அழைச்சான்.

பெல்ட் வந்திச்சு. தோணித்துறையில ஆமிக்காரங்க மறிச்சாங்க. "துண்டு எங்க?"

துண்டு குடுக்கிற நிவாரணக் கந்தோரில, பொறுப்பதிகாரி வினாயகமூர்த்தி ஐயா படிவத்தை விரிச்சார். உணவு, உடுப்பு, மருந்து, மண்வெட்டி. நாலே நாலு கட்டம்தான்.

"இது என்ன சாமான்?"

"வயிறு குறைக்கிறது ஐயா."

"அப்ப மருந்து. நோயாளி ஆரு?"

"நான்தான்."

"என்ன நோய்?"

"கொழுப்பு."

ஐயா பேனையை வெச்சிட்டார். "தம்பி, மேற்படி பிரதேசத்தில கொழுப்பு இல்லையெண்டு போன மாசம்தான் மேலிடத்துக்கு அறிக்கை போனது. என்ட கையெழுத்து. நீ கொழுத்தா நான் பொய்யன்."

"அப்ப நான் கொழுக்கல்ல ஐயா."

"கொழுக்கல்லயெண்டா பெல்ட் எதுக்கு? கொழுத்தயெண்டா நிவாரண அட்டை எதுக்கு? ரெண்டில ஒண்டைச் சொல்லு, வெட்டுறன்."

இராசதுரையின்ட பொஞ்சாதி அன்னப்பூரணியும் நாலு புள்ளைகளும் சாப்பிடுறது அந்த அட்டையிலதான்.

"பெல்ட்டை நீங்களே வெச்சிக்கொள்ளுங்க ஐயா. அட்டையை விட்டிருங்க."

"அது லஞ்சம்! பரிசோதனைக்கெண்டா வாங்கலாம்."

பரிசோதனை மூண்டு மாசம் நடந்திச்சு. காலையில வினாயகமூர்த்தி ஐயா, பகல் கிளாக்கர், பின்னேரம் பியோன். கந்தோர் மேசையெல்லாம் நடுங்கிச்சு. முடிவில அறிக்கை போச்சு: "மேற்படி உபகரணம் பயனுடையதாகக் காணப்படுகின்றது. படுவான்கரை மக்கள் இதனை விரும்பி வரவழைக்கின்றனர்."

நாலாம் நாள் மேலிடத்துப் பதில்: "மெலிய விரும்பும் மக்களுக்கு முழு நிவாரணம் வழங்குதல் அன்னாரது விருப்பத்திற்கு மாறானது. ஆகவே சகலருக்கும் அரைவாசி."

ஊரே இராசதுரையின்ட வாசலில நிண்டிச்சு. முன்னுக்கு நிண்டது அவன்ட பொஞ்சாதி அன்னப்பூரணி.

"இஞ்சே, ஒங்கட ஒரு வயித்துக்கு ஊருப்பட்ட வயித்தையும் குடுத்திட்டீங்களே!"

"அட்டை தப்பிட்டுத்தானே புள்ள?"

"ஓம், அதைக் கரைச்சுக் குடிப்பம்!"

ரெண்டு மாசத்தில, பெல்ட் கட்டாமலே ஊருக்கெல்லாம் இடுப்பு வந்திட்டு. மறுகா பக்கத்து வளவுப் புஸ்பம் மாமிதான் மெதுவாக் கேட்டா: "மருமகன், அந்த ரீவிக்காரியிட்ட ஆக்களைக் கொழுக்க வெக்கிற பெல்ட் இருக்காண்டு கேளன்?"

இராசதுரை டவுனுக்குப் போய்ப் போனில கேட்டான்.

"இருக்கிறது சார்! முதல் ஐம்பது பேருக்கு ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்!"

அவனோட சேத்து, பின்னால வந்த ஊராக்கள் நாப்பத்தொம்பது பேர், அடிபட்டுப் பேர் குடுத்தாங்க. அம்பதாவது பேரை, சனத்தை விலக்கிக்கொண்டு வந்த வினாயகமூர்த்தி ஐயா குடுத்தார். பெல்ட் கட்டின புண்ணியத்தில, அவர் கதிரையை விட்டு எழும்பினா, காற்சட்டை எழும்புதில்லையாம்.